ஆணி காத்திருக்கட்டும், மாப்பிள்ளை

அன்புக்கும் அதைவிடப் பொறுமைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் சின்னக்காவின் கணவனும், எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனும், தற்சமயம் ஒரு கம்ப்யூட்டருக்குக் காவல் இருப்பவனுமாகிய உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கள் அக்கா சுகம். கம்ப்யூட்டருக்கு மட்டும் அடிக்கடி உடம்பு சுடுகிறது. இருக்கிற ஒரே மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் வேர்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் வீட்டாரும், புது வீட்டின் கதவு ஜன்னல்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்றுப் போனில் நீங்கள் பேசிய பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. "படம் வருமா வராதா அத்தான்? ஹால்ல ஆணி அடிச்சு வச்சு மாசக்கணக்காச்சு. வர்றவன் போறவன் எல்லாம் சட்டையை மாட்டிட்டுப் போறான். பேசாம ஒரு கடிகாரத்தை மாட்டிடவா?" என்று கேட்டீர்கள். அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் விளக்க ஆரம்பித்தால் நீங்கள் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். போன தடவை தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஆகவே கடிதம். இதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது அங்கேயே இருக்கும். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: கடிகாரத்தை வேறு சுவரில் மாட்டுங்கள். அந்த ஆணி அந்தப் படத்துக்குத்தான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அது என்ன படம் என்பதை நீங்களே மறந்துவிட்டீர்களோ என்று சந்தேகம். ஆய்வாளனுக்கு எதையும் ஆதியிலிருந்து எழுதித்தான் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் சாமான்களைப் பங்கு வைத்தபோது தையல் மெஷினின் தலையைப் பெரியக்கா தூக்கிக்கொண்டார்கள். காலால் மிதிக்கிற மேசையைச் சின்னக்கா தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தலை இல்லாத மேசை தைக்காது, மேசை இல்லாத தலையும் தைக்காது. ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு, "அவ முதல்ல குடுக்கட்டும்" என்று தொடங்கியது, "அவ முதல்ல கேக்கட்டும்" என்றாகி, "அவ முதல்ல பேசட்டும்" என்று வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அன்றிலிருந்து அக்கா தங்கை இருவருக்கும் நடுவில் மத்தளம் போல இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்கள் நீங்களும் நானும். "அக்காவுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு தம்பிகிட்ட கேளுங்க, ஆனா நான் கேட்டேன்னு சொல்லாதீங்க" என்பாள் இவள். அதற்குப் பதிலும் அதே வழியாக, அதே நிபந்தனையோடு வரும்.

நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று என்ன நடந்தது? ஹால் ஜன்னலின் இந்த ஓரத்தில் ஒருத்தி, அந்த ஓரத்தில் ஒருத்தி, நடுவில் ஒரு ஆள் படுத்துக்கொள்கிற அளவு இடம். நீங்கள் திரைச்சீலை மாட்டுகிறேன் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினீர்கள். நாற்காலி நாலு காலையும் நாலு திசைக்கு நீட்டியது. நீங்கள் திரைச்சீலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, விழுவதா வேண்டாமா என்று யோசிப்பவர் போல மெல்ல மெல்லக் கீழே இறங்கினீர்கள். உங்களுக்கு இடுப்பில் அடி என்பது எனக்கு வருத்தம்தான், ஆனால் உங்கள் அக்காக்கள் இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரிப்பு தாங்காமல் இந்தப் பக்கம் தள்ளாடி வந்த பெரியக்கா பிடிமானத்துக்குக் கையை நீட்ட, அந்தக் கை போய்ச் சேர்ந்த இடம் தங்கச்சியின் தோள். நான் கையிலிருந்த கேமராவைப் படக்கென்று அமுக்கினேன். மறுவிநாடி இருவருக்கும் தாங்கள் பேசிக்கொள்ளாதவர்கள் என்பது ஞாபகம் வந்து, ஒருத்தி டீ எடுக்கப் போனாள், இன்னொருத்தி செருப்பைத் தேடப் போனாள். அந்தக் கை அந்தத் தோளில் இருந்தது என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி என் கேமராதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா உங்கள் வீட்டில் தங்க வருகிறார்கள். நாங்களும் வருகிறோம். இருவரும் ஹாலுக்குள் காலை வைக்கும்போது எதிர்ச்சுவரில் அந்தப் படம் இருக்க வேண்டும். இப்போது விட்டால் இன்னொரு தடவை நீங்கள் நாற்காலியிலிருந்து விழ வேண்டியிருக்கும், உங்கள் இடுப்பு அதற்குத் தாங்காது.

அப்படியானால் அன்றைக்கே அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் கதை. நான் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டுக்கு வருகிற சர்க்கரை, பருப்பு, சோப்புத்தூள் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். குறைந்தால் கடைக்கும் கம்பெனிக்கும் எழுதுவேன். உங்கள் அக்கா ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம், "ஆபீஸ்ல உங்களுக்குக் குடுத்த கேமரா டப்பாவுல தூங்குது. அதை எடுத்துக்கிட்டு எங்கேயாவது வெளியில போங்க" என்றாள். கேமராக் கடைக்காரரிடம் போய்ப் பாடம் கேட்டேன். அவர் சொன்னார்: "சார், இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, கேமராவே நிறம் கூட்டி, கறுப்பு குறைச்சு, பளபளன்னு ஆக்கிக் குடுத்துடும். இன்னொண்ணு ரா. லென்ஸ் என்ன பாத்துச்சோ அது அப்படியே வரும். ஒண்ணும் கலக்காது."

மாப்பிள்ளை, வாழ்நாள் முழுக்கக் கள்ளத் தராசையும் அடியில் புளி ஒட்டிய தட்டையும் பிடித்தவனிடம் வந்து "ஒண்ணும் கலக்காது" என்று சொன்னால் அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? கடைத்தெருவில் என்னை முத்திரைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் முத்திரை இல்லாத படிக்கல் அந்தத் தெருவில் கிடையாது. "ராவையே போடுங்க. கலப்படத்தை இனிமேல் என் பக்கமே கொண்டுவரக் கூடாது" என்றேன். அவர் போட்டுக் கொடுத்தார். அந்தக் கோப்பைத் திறப்பதற்குத் தனியாக ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்பதையும் அவர் சொன்னாராம். நான் அப்போது எதிர்க்கடைத் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று படம் எடுத்ததும் கேமராவின் முதுகில் இருக்கிற குட்டித் திரையில் உங்கள் அக்காவிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்ததால் இரண்டு பேரும் நிழலாகத்தான் தெரிந்தார்கள், முகம் கறுப்பு. போனும் கையுமாக நின்றவள், "ம்… கொஞ்சம் அசையாம பிடிங்க" என்று மட்டும் சொன்னாள். பாவம், கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முகம் கறுத்ததற்கு நான் கவலைப்படவில்லை. கடைக்காரர் சொல்லியிருந்தார், ராவில் எடுத்தால் இருட்டுக்குள் போன முகத்தைக்கூடப் பிறகு வெளியே இழுத்து வரலாம் என்று. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தேன். இந்தக் கோப்பைத் திறக்க என்னிடம் எதுவும் இல்லை என்றது. உங்கள் மருமகன், அதாவது எங்கள் பையன், வெளியூர் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர், அதற்கும் வயதாகிவிட்டது. போனில் போட்டேன். போன் பெயரை மட்டும் காட்டியது. எடுத்த அத்தனை படமும் பெட்டிக்குள் இருக்கிறது, சாவி இல்லை.

கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் போனேன். விடுமுறை நாளில் பறவைகளைப் படம் எடுக்கிறவர், விவரம் தெரிந்தவர். அவர் தொழில்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கிற ஒரு பெரிய சாஃப்ட்வேரைச் சொன்னார். "ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கும். மாசாமாசம் கட்டிட்டே இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். கட்டுவதை நிறுத்தினால்? "நிறுத்தினா பூட்டிக்கும். படம் உங்ககிட்டதான் இருக்கும், அதுல கை வைக்க முடியாது." எனக்கு வந்ததே கோபம். என் மனைவியையும் அவள் அக்காவையும் நான் பார்க்க இன்னொருத்தனுக்கு வாடகை கொடுக்க வேண்டுமா? மேலே வந்து உங்கள் அக்காவிடம் கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "நாம இருக்குறதே வாடகை வீடுதான்" என்றாள்.

"வீட்டுக்கு வாடகை குடுக்கலாம். வெளிச்சத்துக்கு யாராவது வாடகை குடுப்பாங்களா?"

"அப்ப கரண்ட் பில்லு எதுக்குக் கட்டுறீங்க?"

இப்படிப்பட்டவளோடு நான் குடித்தனம் நடத்துகிறேன் என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வேண்டாம் என்றதும் டாக்டர் அடுத்ததைச் சொன்னார். இது ஒரே தடவை விலை கொடுத்தால் நமக்கே சொந்தம். வாங்குவதற்கு முன் கொஞ்ச நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். ஓய்வூதியக்காரனுக்கு ஏற்ற வழி என்று இறக்கினேன். படம் திறந்தது! முதல் தடவையாகத் திறந்தது, மாப்பிள்ளை, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் விலை கொடுக்கும்வரை தன் பெயரைப் படத்தின் குறுக்கே பெரிதாகப் போட்டு வைக்கிறது. உங்கள் பெரியக்காவின் முகம் சரியாக அந்தப் பெயருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சரி, வாங்கினால் போய்விடும். அடுத்து, 'ஒரே அழுத்தில் சீராக்கு' என்று ஒரு பொத்தான். அமுக்கினேன். விசிறி சுழன்றது, கம்ப்யூட்டர் முனகியது, இரண்டு பேருடைய முகமும் வெளிச்சத்துக்கு வந்தன. வந்தவர்கள் உங்கள் அக்காக்கள் இல்லை. நெற்றிச் சுருக்கம் போய், கன்னம் வழவழப்பாகி, காலேஜுக்குப் போகிற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியக்காவின் மோவாய் மச்சத்தைக் காணோம். அதையும் பொறுத்திருப்பேன். தோளைப் பார்த்தேன். தோளில் கை இல்லை!

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். கை இல்லை. பெரியக்காவின் முழங்கைக்குக் கீழே, அன்று நீங்கள் மாட்டி முடிக்காத ஜன்னல் திரை தொங்குகிறது. ஓரத்தில் ஒரு வரி: 'கவனத்தைச் சிதறடிப்பவை நீக்கப்பட்டன.' எது கவனச் சிதறல்? எந்தக் கைக்காக நான் இத்தனை பாடு படுகிறேனோ, எந்தக் கைக்காக நீங்கள் நாற்காலியிலிருந்து விழுந்தீர்களோ, அந்தக் கை! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இங்கே பிள்ளையாரின் கையையே வெட்டி எடுத்துவிட்டான். அந்தக் கம்பெனிக்கு அன்றே ஒரு புகார் எழுதினேன், உத்தியோகத்தில் இருந்தபோது எழுதுவேனே, அந்த நடையில். 'தங்கள் சரக்கு வாடிக்கையாளரின் மைத்துனியின் உறுப்பைக் குறைத்துள்ளது' என்று தொடங்கினேன். பதில் வந்தது. என் திருப்திக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை கொடுப்பேன் என்று கேட்டிருந்தார்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பல்லு நல்லா வெளுத்துக் குடுத்திருக்கு சார், என்ன குறை?" என்றார். அவர் பார்வை அப்படி. போகும்போது, "ஆனை வாங்குனவர் அங்குசத்துக்குக் கணக்குப் பாக்கலாமா?" என்று ஒரு குத்தல். யானையை நான் வாங்கவில்லை, ஆபீஸில் கொடுத்தார்கள் என்று படிக்கட்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

மூன்றாவதாக நானே தேடிக் கண்டுபிடித்தது ஒன்று. உலகத்தில் அங்கங்கே இருக்கிற ஆட்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்து, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். சும்மா கிடைக்கிறது என்றாலே எனக்குச் சந்தேகம், கடைத்தெருவில் கொசுறு கொடுக்கிறவனுடைய தராசைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆனால் இவர்களிடம் கள்ளம் இல்லை. கனிவும் இல்லை. திறந்ததும் ஊர்ப்பட்ட பொத்தான்கள், இழுத்து நகர்த்துகிற இழுப்புகள், வளைகோடுகள். ஆகாய விமானத்துக்குள் தனியாக உட்கார்த்தி வைத்துவிட்டு ஓட்டுநர் இறங்கிப் போன மாதிரி இருந்தது. அதிலும் என் கேமரா புதிது என்பதால் அதன் கோப்பைத் தனக்குத் தெரியாது என்றது. கேமராக் கம்பெனியே சும்மா தருகிற ஒரு மாற்றியைத் தேடிப் பிடித்து, எல்லாப் படங்களையும் பொதுவான வகைக்கு மாற்றி, அதற்கு ஒரு பகல் முழுக்க ஆகி, பிறகு இதில் திறந்தால் படம் மண் நிறத்தில், உயிரில்லாமல், ஆஸ்பத்திரிச் சுவர் போல வந்து நின்றது. உங்கள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்தக் கை வெட்டினவனே தேவலை" என்றாள்.

விடுவேனா நான்? பாட வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். காதில் பெரிய ஹெட்போன், முன்னால் கம்ப்யூட்டர், கீழே உங்கள் அம்மாவின் தையல் மேசை. ஆமாம், அந்தத் தலை இல்லாத மேசைமேல்தான் கம்ப்யூட்டரை வைத்திருக்கிறேன், வேறு எதற்கும் ஆகாத மேசைக்கு ஒரு வேலை ஆயிற்று. பாடத்தில் ஒன்று புரிந்துவிட்டால் என் கால் தானாக மிதியை மிதிக்கும், கீச் கீச் என்று கேட்கும். புரியாவிட்டால் சத்தம் இருக்காது. உங்கள் அக்கா சமையலறையில் இருந்தபடியே என் படிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வாள். ஹெட்போனுக்கு வெளியே அவள் போனில் யாரோடோ பேசிச் சிரிப்பது மங்கலாகக் கேட்கும். அவளுக்கும் பொழுது போக வேண்டாமா என்று நான் கண்டுகொள்வதில்லை.

நிழலை மட்டும் தூக்குகிற இழுப்பைக் கண்டுபிடித்தேன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த, கறுப்புக்குள்ளிருந்து பெரியக்காவின் மூக்குத்தி முதலில் வந்தது, பிறகு மூக்கு, பிறகு சிரிப்பு. மச்சமும் வந்தது! கையும் இருந்தது, ஐந்து விரலோடு. எண்ணிப் பார்த்தேன். இனி நிறம்தான் பாக்கி. நிறத்தில் நான் யாரையும் நம்பத் தயாராக இல்லை. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு: எந்தத் தராசையும் அதன் பேச்சைக் கேட்டுத் தீர்மானிக்கக் கூடாது. கையோடு ஒரு சரியான படிக்கல்லைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டும். நிறத்துக்குப் படிக்கல் எது? அன்று உங்கள் சின்னக்கா கட்டியிருந்த மயில்கழுத்து நிறச் சேலை. பீரோவிலிருந்து எடுத்து வந்து மானிட்டரைச் சுற்றிக் கட்டி, மடிப்பெடுத்து, முந்தானையைத் திரைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, திரையில் உள்ள சேலையையும் கையில் உள்ள சேலையையும் ஒத்துப் பார்த்தேன். வாடகைச் சாஃப்ட்வேர்க்காரன் தன் பக்கத்தில் போட்டிருந்த மாதிரி மயில் படம், கை வெட்டினவன், இந்த இலவசக்காரன் எல்லாவற்றையும் அதே படிக்கல்லால் நிறுத்தேன். எல்லாமே தப்பு! எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள். மயில் இல்லை, கிளி. உலகமே கள்ளத் தராசா என்று எனக்கு மலைப்பாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் ஏதோ கனமான பார்சல் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே போட்டுக் கொடுத்தேன். உங்கள் அக்கா பார்சலை உள்ளே இழுத்துக்கொண்டே, "நான் கேட்டா ஒரு நாள் சேலைக்கு மடிப்பு பிடிச்சு விட்டிருப்பீங்களா? கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன அழகா கட்டி விட்டிருக்கீங்க!" என்றாள். பிறகு திரையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, கண்ணு எரியுதுன்னு நீங்கதானே அன்னைக்கு ஸ்கிரீனை மஞ்சளாக்கி வச்சீங்க? அது இன்னும் அப்படியேவா இருக்கு?" என்றாள்.

மாப்பிள்ளை, ஊரார் தராசையெல்லாம் சோதித்தவன் தன் தராசைச் சோதிக்கவில்லை. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று நானே திரைக்கு மஞ்சள் பூசிவிட்டு, மூன்று சாஃப்ட்வேரையும் திருடன் என்றிருக்கிறேன். என் மேலதிகாரி இதைக் கேட்டிருந்தால் என் முத்திரையைப் பிடுங்கியிருப்பார். மஞ்சளை எடுத்தேன். எடுத்ததும், திரையில் இருந்த சேலையும் மானிட்டர் கட்டியிருந்த சேலையும் ஒரே சேலையாகிவிட்டன. எங்கே துணி முடிகிறது, எங்கே படம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. கீச் கீச் கீச் என்று மிதித்த மிதியில் கீழ்வீட்டு டாக்டர் மேலே ஓடி வந்துவிட்டார்.

ஆகவே தெரிவிப்பது யாதெனில், தேர்வு முடிந்தது. வாடகைக்காரன் வேண்டாம், கை வெட்டினவன் எந்தக் காலத்திலும் வேண்டாம், கனிவில்லாத இலவசக்காரனே நம் ஆள். அவன் சொல்லாததை நான் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஆனால் நான் சொல்லாததை அவன் செய்யவில்லை. மாதக்கணக்காயிற்று என்கிறீர்களே, ஒரு அக்கா தங்கையை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவர அவ்வளவு ஆகாதா? படத்தை நல்ல தாளில் பெரிதாக அச்செடுத்து, வளையாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். சட்டம் போடுகிறவர் ஓரத்தை வெட்டலாமா என்று கேட்பார். வெட்டக் கூடாது, கை ஓரத்தில்தான் இருக்கிறது. ஆணியில் தொங்குகிற சட்டைகளை அகற்றவும். ஜன்னல் வெளிச்சம் நேராக விழாமல் பார்த்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உள்ளே வந்ததும் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், உங்களுக்கு வாய் நிற்காது என்று தெரியும், இருந்தாலும் பேச வேண்டாம். அவர்களே பார்க்கட்டும். படத்தில் நான் இல்லையே என்று யாராவது கேட்டால், எடுத்தவன் எப்படி இருப்பான் என்று சொல்லுங்கள். அன்று எடுத்ததில் எதிலுமே நான் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும். சொல்லப்போனால் அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

உங்கள் இடுப்பு சீக்கிரம் குணமாகட்டும். வீட்டாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. புது வீட்டில் எடை குறையாத பொருளும் நிறம் மாறாத மனமும் என்றும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆணியை நம்பியிருக்கும்,
முத்திரைக்கார அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். உங்கள் அக்கா பசையோடு வந்து, "என்ன அனுப்புறீங்க?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைவரை ரகசியமாக வைக்க நினைத்தேன். ஆனால் இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ஒருத்தர் வாயால் 'ஆகா' கேட்க வேண்டும் என்று ஆசை. காட்டினேன். நன்றாகப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு. சேலை நிறம் அப்படியே இருக்கு. ஆனா அக்காகிட்ட இந்தப் படம் எப்பவோ இருக்கே" என்றாள்.

எப்படி இருக்கும் என்றேன். போனை எடுத்துக் காட்டினாள். அன்று குட்டித் திரையை அசையாமல் பிடிக்கச் சொன்னாளே, அப்போது அதைத் தன் போனில் படம் எடுத்து, மறுநாளே பெரியக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். "அனுப்பினேன். உடனே போன் பண்ணிட்டா. அன்னையிலேருந்து தினமும் பேசிக்கிட்டுதான் இருக்கோம். நீங்க காதுல அதை மாட்டிக்கிட்டு பாடம் கேப்பீங்களே, அப்பதான் பேசுவோம்." வந்த பார்சல் என்னவென்று நினைக்கிறீர்கள்? தையல் மெஷினின் தலை. பெரியக்கா அனுப்பி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு மேசையைக் காலி செய்ய வேண்டுமாம், கம்ப்யூட்டர் தரைக்குப் போகிறது.

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன். "சொன்னா இந்தப் பட வேலையை நிறுத்திடுவீங்க. நிறுத்தினா மறுபடியும் தராசோட சமையலறையில வந்து நிப்பீங்க" என்றாள். அந்தப் போன் படத்தில் முகம் கறுப்பு, மேலே பேட்டரி அடையாளம், கீழே ஏதோ எண்கள், நிறமோ பச்சையாக அடிக்கிறது. "இதுல மூஞ்சியே தெரியலையேடி" என்றேன். "எங்க மூஞ்சி எங்களுக்குத் தெரியாதா? கை தெரியுதுல்ல, அது போதும்" என்றாள். ஓரத்தில் தடியாக ஒன்று இருந்தது, என்ன அது என்று கேட்டேன். கேமராவைப் பிடித்திருந்த என் கட்டைவிரலாம். உங்கள் ஹால் ஆணிக்கும் இந்தப் படத்தைத்தான் மாட்ட வேண்டும் என்று அக்கா தங்கை இருவரும் எப்போதோ பேசி முடிவு செய்துவிட்டார்களாம். பெரியக்காதான் சொன்னார்களாம், "அவர் எதுலயும் இல்ல, இதுல விரலாவது இருக்கு" என்று.

ஆகவே நான் அனுப்புகிற படத்தைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது மாட்டிக்கொள்ளுங்கள். ஆணி விஷயம் அவர்கள் சொன்னபடியே ஆகட்டும். ஆனால் அக்காக்கள் அந்தப் போன் படத்தை உங்களுக்கு அனுப்பினால் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் சின்னக்காவின் போனிலிருந்து அதை நானே எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பச்சையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்து தந்துவிடுவேன். கட்டைவிரலைத் தொடமாட்டேன்.